காலி என்று எழுதிய சீட்டு

துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும்: பிளம்பிங் கடையில் பைப் வாங்கப் போனாலும் அதன் வாய்க்கு நேராக நிற்க மாட்டோம். கோயமுத்தூர் பழைய கடைவீதிப் பக்கம், லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் இரண்டு வருடமாக பில் போடுவதும் சீட்டு எழுதுவதும் என் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிய பிறகு 'சரியாகப் பார்த்தோமா?' என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறவர் நீங்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

நகப்பூச்சு

எங்களிடம் வருவதில் பாதி, விவசாயிகள் பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி. தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தை அளந்து கொட்டி, மேலே தேங்காய் நாரைத் தக்கையாக வைத்து, கம்பியால் அடிவரை திணிக்க வேண்டும். கடைசியாக, சுத்தி விழும் இடத்தில் கேப் என்ற சின்னச் செம்புத் தொப்பியை மாட்டினால் வெடிக்கத் தயார். கேப் இல்லையென்றால், உள்ளே மருந்து கிடந்தாலும் வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது.

இது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் ஒவ்வொரு துப்பாக்கியின் கம்பியிலும் என் நகப்பூச்சால் இரண்டு கோடு போட ஆரம்பித்தேன். காலிக் குழாயில் விட்டால் குழாய் வாயில் நீலக் கோடு நிற்கும். சரியாக ஒரு முறை மருந்து போட்டிருந்தால் சிவப்பு. சிவப்பும் தாண்டிக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் மருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறது, வெடித்தால் குழாயே சிதறும், கையை எடுத்துவிட வேண்டும். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ரங்கசாமி அண்ணன் மட்டும் கம்பியைத் தரவே இல்லை. சட்டைக்குள் மறைக்காத குறையாகப் பின்னால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க அம்மணி, இன்னைக்கு நகப்பூச்சு, அடுத்த மாசம் வளையலும் போட்டு உட்ருவீங்களாட்ட."

டானிக் மூடி

காங்கேயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். பத்து வருடமாக ஒழுங்காக இருந்த துப்பாக்கி ஒரு மாதமாக மாடு மாதிரி உதைக்கிறதாம். கடை முதலாளி பாய் குழாயைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. மருந்தை எதில் அளக்கிறீர்கள் என்று கேட்டேன். பேரனின் இருமல் டானிக் மூடியில் என்றார். எப்போதுமே ஒரே மூடிதானா என்று கேட்டதும் யோசித்தார். பேரனுக்கு டாக்டர் வேறு டானிக் எழுதியிருக்கிறார். புது பாட்டிலுக்கு மூடி பெரிது.

அவருக்கு ஒரு பித்தளை அளவுக் குப்பி கொடுத்து, எப்போதும் இதிலேயே, தலைதட்டி, ஒரே அளவு என்று மூன்று முறை சொன்னேன். குப்பியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டவருக்கு மனத்தாங்கல் தீரவில்லை. "டாக்டரு டானிக்க மாத்துனாருன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமில்லீங்க?"

மான்

கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர், தாத்தா பெயரில் இருக்கும் துப்பாக்கியில் மானுக்கு எவ்வளவு மருந்து, என்ன ரவை என்று கேட்டார். நான் ஒப்பிப்பதுபோல் சொன்னேன்: புள்ளிமான் கடலைக் காட்டுக்குள் இறங்கினாலும் வானத்தைப் பார்த்து வெடித்து விரட்ட மட்டுமே செய்யலாம், மானைச் சுட்டால் ஜெயில், தாத்தா லைசென்ஸில் நீங்கள் தொடவே கூடாது. அவர் சிரித்துக்கொண்டு பாய் பக்கம் திரும்பினார். பாய் ஸ்குரூ முடுக்குவதை நிறுத்தவில்லை. "தம்பி, மானுக்கு நம்மகிட்ட சாமான் இல்ல. எதுத்த சந்துல ஒரு வக்கீல் இருக்காரு, முதல்ல அவரப் பாத்துட்டு வந்துருங்க."

தேர்தல் முடிந்த வாரம்

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்து திரும்பக் கிடைத்ததும் துருவோடு எல்லாம் எங்கள் கடைக்கு வரும். அந்தச் சனிக்கிழமை நிற்க இடமில்லை. ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்து, பெயர், லைசென்ஸ் நம்பர், 'காலி', என் கையெழுத்து என்று சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ரங்கசாமி அண்ணனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுத்தி இறுகிவிட்டது, எண்ணெய் விட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றார். கையில் ஸ்டேஷன் ரசீது இருந்தது. அதில் 'காலி' என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்து என் சீட்டில் 'காலி' என்று எழுதினேன். கம்பி குழாய்க்கு அடியிலேயேதான் செருகியிருந்தது. நான் உருவவில்லை.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் என் அப்பா அம்மாவுக்கு, நான் எழுதிவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும். பேங்க் பாரமோ ரேஷன் மனுவோ, திருப்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். அதே முகத்தோடுதான் ரங்கசாமி அண்ணனும் சீட்டை வாங்கினார். "அம்மணி கையெழுத்துப் போட்டாச் செரியாத்தானுங்க இருக்கும், வாரேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ்

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ் அவிநாசி ரோட்டில் பாதி வழி வந்தபோதுதான் உறைத்தது. போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். இரவு முழுக்க அதே பதில். பாயிடம் போனில் சொன்னேன், பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைப் புத்தகத்தைப் புரட்டி ரங்கசாமி அண்ணன் முகவரியைச் சொன்னார். பிறகு, "விடிஞ்சதும் முதல் பஸ்ஸப் புடிம்மா" என்றார்.

உடுமலையில் இறங்கி, டவுன் பஸ் மாறி, பாய் சொன்ன முகவரியை விசாரித்து நடந்தேன். தோப்பில் எங்கே 'டொப்' என்று தேங்காய் விழுந்தாலும் என் கால் நின்றது. ரங்கசாமி அண்ணன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி ஆணியில் தொங்கியது. பன்றி தொந்தரவு, இப்போதுதான் மருந்து போட்டு வைத்தேன், கேப் இனிமேல்தான் என்றார். அதைத் தொடாதீர்கள் என்றேன். நடந்து வந்த நான் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

துப்பாக்கியை இறக்கி, வாயை வானத்துக்குத் திருப்பிப் பிடித்து, முகத்தை ஒதுக்கி, கம்பியை மெதுவாக உள்ளே விட்டேன். முட்டிய இடத்தில், குழாய் வாயோரம் கம்பியில் விரலை வைத்தபடி வெளியே எடுத்து, குழாயின் வெளிப்பக்கம் வைத்துக் காட்டினேன். குழாயின் அடியை எட்ட, ஒரு மருந்துக்கு நாலு விரற்கடை குறையும். இது எட்டு குறைந்தது. ஒரு தடவைதான் போட்டேன் என்றார். அதற்கு முன்னால் எப்போது போட்டீர்கள் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். தேர்தலுக்கு முன்னால் ஒரு நாள் மருந்து போட்டு வைத்திருந்தபோதுதான் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாராம். கேப் இருக்கிறதா என்று மட்டும் அங்கே கேட்டார்களாம். இல்லை என்றாராம்.

மருந்து நனையட்டும் என்று குழாய் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றினோம். சுத்திப் பக்கத்துத் துளையில் கறுப்பாகக் கசியும்வரை ஊற்றினோம். மிச்சத்தை நீங்களே நோண்ட வேண்டாம், நாளைக்கே கடைக்குக் கொண்டுவாருங்கள், பாய் எடுப்பார் என்றேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் சுத்திக்குக் கீழே இன்னும் கட்டியிருந்த என் சீட்டை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "இதைப் பாத்துப்போட்டுத்தானுங்க அம்மணி, நான் கம்பி உட்டுப் பாக்கல."

இப்போதெல்லாம் நான் 'காலி' என்று எழுதுவதில்லை, 'கம்பி விட்டுப் பார்த்தேன்' என்றுதான் எழுதுகிறேன், அப்படி எழுதிய பிறகும் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு இன்னொரு முறை பார்க்கத் திரும்பி வருகிறேன்.