அவளுடையதைவிட நீளமான கத்தி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே எஸ்கலேட்டரின் அடியில் நிற்பதுதான் என் வேலை. "புடவையைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கோங்க மேடம், மாட்டிக்கும்" என்று கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை சொல்ல வேண்டும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள், இந்த ஒரு வரியை வைத்தே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். என்னுடைய பயந்த சுபாவம் இந்த வேலைக்குத் தோதாக இருந்தது. யார் புடவையைப் பார்த்தாலும் அது படியின் பல்லுக்குள் போவது மாதிரியே எனக்குத் தோன்றும்.

எஸ்கலேட்டர் முடிகிற மேல்தளத்தில் நிற்பவள் பட்டினப்பாக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொங்கல் கூட்டத்தில் ஒரு காலேஜ் பெண்ணின் துப்பட்டா மேல்முனையில் படியோரத்து இடுக்கில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிட்டது. நான் கீழேயிருந்து "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன். மேலே நின்ற பட்டினப்பாக்கத்துக்காரி தன் இடுப்பிலிருந்து ஒரு கறுப்பு மடக்குக் கத்தியை எடுத்தாள். ஒரு கையால் அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு மறு கையாலேயே விரித்து, ஒரே இழுப்பில் துப்பட்டாவை அறுத்தாள். கடலுக்குப் போகும் அவள் அண்ணன் கொடுத்த கத்தியாம்.

அன்றைக்கு மேனேஜர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கை தட்டச் சொன்னார். நானும் தட்டினேன். ஆறு வருஷமாக என் காலடியில் ஒரு நூல்கூட மாட்டியதில்லை. மாட்டாததற்கு யார் கை தட்டுவார்கள்?

அதோடு விட்டாரா? தீபாவளிக்கு முன்னால் புதுத் தளம் திறக்கப்போகிறது, அதற்கு ஒரு சேஃப்டி இன்சார்ஜ் வேண்டும், எங்கள் இரண்டு பேரில் ஒருவரைப் போடுவேன் என்றார். கையில் வாக்கி டாக்கி, உட்கார ஒரு நாற்காலி. நரம்பு சுருண்டு கிடக்கும் என் காலுக்கு அந்த நாற்காலி வேண்டும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலியைவிட, அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் அதிகமாக வேண்டியிருந்தது.

செக்யூரிட்டி நோட்டில் எழுதிவிட்டு நீயும் ஒரு கத்தி வைத்துக்கொள் என்று மேனேஜர் சொன்னதும், அடுத்த லீவு நாளில் அடையாறுக்குப் பஸ் ஏறினேன். மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை. எங்கள் ஆல்டரேஷன் டெய்லரிடம் வாங்கிய பட்டுத் துண்டும், ஜரிகைத் துண்டும், நைலக்ஸ் துண்டும் பையில் இருந்தன.

கடைப் பையன் இரண்டு கத்தியை எடுத்து வைத்தான். ஒன்று மஞ்சள் பிடி. அலகு முழுக்க ரம்பப் பல். முனை கூராக இல்லாமல் மொட்டையாக இருந்தது. இன்னொன்று கறுப்பு, கூர்முனை, பல்லே இல்லாத வழவழப்பான அலகு.

மஞ்சள் கத்தி மூன்று துண்டையும் கரகரவென்று அறுத்தது. கறுப்புக் கத்தி பட்டுத் துண்டை அறுத்தது, ஜரிகையில் வழுக்கியது. விரித்ததும் டக்கென்று பூட்டிக்கொள்கிறதா என்று இரண்டையும் நாலு தடவை பார்த்தேன். பூட்டாவிட்டால் அழுத்தும்போது மடங்கி நம் விரலையே வாங்கிவிடும்.

"ஆன்ட்டி, யாரையாவது காப்பாத்துறதுக்குன்னா கண்ண மூடிக்கினு மஞ்சளை எடுங்க. உடம்புகிட்ட அறுக்கும்போது கூர்முனை ஆளையே குத்திடும்" என்றான்.

"இது குழந்தை விளையாடுற சாமான் மாதிரி கீதேப்பா."

"அப்ப இன்னா, பழம் நறுக்கவா வாங்குறீங்க?"

சிரித்துவிட்டேன். அவன் சொன்னதுதான் சரி என்று தெரியும். ஆனாலும் என் கண் கறுப்பிலேயே நின்றது. அவள் கத்தியைப் பக்கத்தில் வைத்தால் இது அரை விரல் நீளம் அதிகமாக வரும். கறுப்பையே வாங்கினேன்.

வரும்போது பஸ்ஸில் போலீஸ்காரர் ஏறிப் பையைத் திறக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று கோட்டூர்புரம் வரைக்கும் வேர்த்தது. யூனிஃபார்ம் புடவையில் பாக்கெட் கிடையாது. பாவாடை நாடாவில் கத்தியின் கிளிப்பை மாட்டினேன். உட்கார்ந்தால் விரிந்து வயிற்றைக் குத்திவிடுமோ என்று வீட்டிலும் நின்றுகொண்டே இருந்தேன். கண்ணாடி முன்னால் ஒற்றைக் கையால் விரித்துப் பழகுவதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "சாம்பார்ல உப்பு இல்லன்னு சொன்னது தப்புதாம்மா, மன்னிச்சுடு" என்றார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வந்தது. கத்தி இடுப்பில், யாருக்கும் எதுவும் மாட்டவில்லை. மேலே அவளைப் பார்த்து ஆட்கள், "நீதானேம்மா துப்பட்டாவ அறுத்தது?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மத்தியானம் மயிலாப்பூர்ப் பேச்சு பேசுகிற ஒரு மாமி, இரண்டு கையிலும் பையோடு வந்தார். புடவைத் தலைப்பு தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. பார்த்தேன். வழக்கமாகச் சொல்கிற வரி தொண்டை வரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது படியில் தலைப்பு ஓரத்து இடுக்குக்குள் போனது. மாமி தடுமாறினார். நான் கத்தியை உருவிக்கொண்டு படியில் ஏறி ஓடினேன். வேர்வையில் ஒற்றைக் கையால் விரிக்க வரவில்லை. இரண்டு கையாலும் விரித்துக் குனிந்தேன். படி புடவையை இழுக்க இழுக்க மாமி சாய்ந்துகொண்டே வந்தார். கத்தி முனை அவர் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஆடியது.

சட்டென்று படி நின்றது. மேலே அவள் சிவப்பு பட்டனை அமுக்கியிருந்தாள். அதே மாதிரி ஒரு பட்டன் கீழேயும் உண்டு. நான் நிற்கிற இடத்தில், என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

அவள் இறங்கி வந்து மாமியைத் தாங்கிப் பிடித்தாள். தன் கத்தியை எடுக்கவே இல்லை. "அக்கா, அத்த மடக்குக்கா மொதல்ல. மெக்கானிக் வந்து படியப் பின்னால சுத்துனா தானா வந்துடும்" என்றாள்.

"ஏண்டிம்மா, பட்டனை அமுக்காம கத்தியைத் தூக்கிண்டு வருவாளோ? என் கால் போயிருக்குமே!" என்றார் மாமி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பட்டா மாட்டிய அன்றைக்கும் இவள் முதலில் பட்டனைத்தான் அமுக்கியிருக்கிறாள். கழுத்து இறுகியிருந்ததால்தான் அதற்குப் பிறகு கத்தி. படி நின்றதை நான் அன்று கவனிக்கவே இல்லை. கத்தியை மட்டும் பார்த்துவிட்டு ஏழு மாசம் வெந்துகொண்டிருந்தேன்.

மெக்கானிக் புடவையை எடுத்துக் கொடுத்தார். கிரீஸ் கறை மட்டும்தான். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "யாரும்மா முதல்ல பார்த்தது?" என்றார்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்காதான் சார். அக்கா கத்துனதுனாலதான் நான் அமுக்கினேன்" என்றாள்.

நான் கத்தவே இல்லை. எனக்காகச் சொன்ன பொய் அது. தலையாட்டியிருந்தால் வாக்கி டாக்கி என் கைக்கு வந்திருக்கும். ஆனால் அவள் பார்த்துக் கொடுக்க, நான் வாங்கிக்கொள்வதா? அந்த எரிச்சலில் வாய் தானாகத் திறந்தது. "இல்ல சார். நான் கத்தல, பட்டனையும் அமுக்கல. கத்தியத் தூக்கிக்கினு ஓடினேன், அவ்ளோதான்."

நேர்மையானவள் என்று மேனேஜர் மெச்சினார். பதவியை அவளுக்குக் கொடுத்தார்.

புதுத் தளத்தில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் "வாக்கா, குந்து" என்று எழுந்து நிற்கிறாள். கால் எவ்வளவு வலித்தாலும் நான் உட்காருவதில்லை. மாமியின் தலைப்பைப் பார்த்துக்கொண்டே வாயை மூடி நின்றதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.