காற்று டேங்கில் ஒரு கொக்கி

எங்கள் யூனிட்டின் பின்புறம், வேப்பமரத்தடியில் ஒரு காற்று டேங்க் நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். கம்ப்ரஸர் அடைக்கிற காற்று அதில் நிறைந்து, அங்கிருந்து குழாய் வழியாகத் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்குப் போகும். என் வீட்டுக்காரர் அந்த டேங்கிலேயே ஒரு கொக்கியைக் கோணலாகப் பற்றவைத்து, தன் சோற்றுத் தூக்குப்போசியை மாட்டி வைத்திருந்தார். மத்தியானச் சோறு, போன் பேச்சு, சாப்பிட்டபின் ஒரு கண்ணயர்வு, எல்லாமே அங்கே நாற்காலி போட்டு, டேங்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் எங்களுக்கு வாய்த்த இடத்தில் நிழலும் சிக்னலும் சேர்ந்து கிடைப்பது அந்த மரத்தடியில் மட்டும்தான்.

அந்த வருஷம் மழை பிடித்ததும் துணியில் கறை விழத் தொடங்கியது. வெள்ளைத் துணி ரோலை விரித்தால் அங்கங்கே டீ சிந்தினது போல மஞ்சள் சொட்டு. ஊசிக்கு எண்ணெய் கொண்டுபோகும் காற்றிலேயே தண்ணீரும் கலந்து வந்துகொண்டிருந்தது. துணி ஓட்டக் கொடுத்த கம்பெனியின் மேனேஜர் நேரில் வந்து, "கைக்குழந்தைக்குப் போடற துணிங்க்கா இது, இப்படி வந்தா எப்படீங்க?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் டிரையர் ஒன்று வாங்குவதென்று முடிவானது. டிரையர் விற்கிற இன்ஜினியர் ஒருவர் வந்தார். இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று ஃபிரிட்ஜ் மாதிரி காற்றைக் குளிர வைத்துத் தண்ணீரை இறக்கிவிடும். இன்னொன்றில் ஈரத்தை உறிஞ்சும் வெள்ளைக் குண்டுகள் இருக்கும். காற்றைத் துளி ஈரமில்லாமல் காய வைக்கும், ஆனால் அந்தக் குண்டுகளைத் திரும்ப உலர்த்தவே நாம் அடைத்த காற்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நிட்டிங்குக்கு முதல் வகையே போதும் என்றார். என் வீட்டுக்காரர் இருப்பதிலேயே சிறியதைக் காட்டி, "இது பத்தாதுங்களா?" என்று கேட்டார்.

"சித்திரையில ஊட்டு ஃபிரிட்ஜே மூச்சு வாங்குதுங்க. இந்தக் குட்டி மட்டும் அந்தச் சூட்டைத் தாங்குமாக்கும்?" என்று நான் புகுந்தேன். இன்ஜினியர் சிரித்துவிட்டார். வெயில் காலத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு சைஸ் பெரியதாக எடுப்பதுதான் சரி என்று அவரும் சொன்னார். அப்படியே தீர்மானமானது.

கிளம்பும்போது அவர் டேங்கின் அடியில் இருந்த வால்வைத் திறந்தார். செம்மண்ணைக் கரைத்தது போலத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவேயில்லை. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர் முகம் மாறிவிட்டது.

"டேங்கை எப்பங்க கடைசியா டெஸ்ட் பண்ணுனீங்க?"

"வருசந் தவறாம ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிச்சுருவமுங்க," என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

"பெயிண்ட் வெளியிலங்க. துரு உள்ளிருந்து தின்னுட்டு வருது. டிரையர் டேங்குக்கு அப்புறமா நிக்கப் போகுது, அது உங்க துணியத்தான் காப்பாத்தும். டேங்கைக் காப்பாத்தாது."

"வெடிச்சுருமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், கொக்கியில் தொங்கிய போசியைப் பார்த்தார். "பக்கத்துல ஆளு மட்டும் இருக்கக் கூடாதுங்க," என்றார்.

இன்ஜினியர் வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா புள்ள, டிரையர் விக்க வந்தவன் அப்படியே டேங்கையும் தலையில கட்டப் பாக்கறான்."

டிரையர் வந்தது. கறை நின்றது. துணி மல்லிகைப்பூவாக இறங்கியது. மேனேஜர் போன் போட்டுப் பாராட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் பயம் கூடியது. அதுவரை உள்ளே துரு இருக்கிறது என்று துணியாவது காட்டிக்கொடுத்தது. இப்போது அந்தத் துருவையும் டிரையரின் ஃபில்டர் பிடித்து வைத்துக்கொண்டது. இன்னொரு கூத்தும் நடந்தது. எப்போதாவது காலையில் டேங்க் வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை இறக்குகிற வழக்கம் கொஞ்சநஞ்சம் இருந்ததையும் இவர் நிறுத்திவிட்டார். "அதான் டிரையரே தண்ணியக் கக்குதே" என்று ஒரு நியாயம் வேறு.

நான் நாற்காலியைத் தூக்கி ஆபீஸ் ரூமில் போடுவேன். மத்தியானம் பார்த்தால் அது மரத்தடியில் இருக்கும். கத்தினேன், கெஞ்சினேன், சோறு கட்டித் தர மாட்டேன் என்று மிரட்டினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போலத்தான். ஒவ்வொரு மத்தியானமும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கம்ப்ரஸர் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே சாப்பிட்டேன். சத்தம் கொஞ்சம் மாறினாலும் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாது.

ஆயுத பூஜை வந்தது. மெஷினெல்லாம் நிறுத்தி, டேங்கில் இருந்த காற்றையும் இறக்கிவிட்டு, புதுப் பெயிண்ட் அடிப்பதற்காக இவர் ஒரு தகட்டால் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். சுரண்டுகிற சத்தம் திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் தகடு அவர் கையில் பாதிதான் தெரிந்தது. மீதி டேங்குக்குள் போயிருந்தது. உருவி எடுத்ததும் பழுப்புத் தண்ணீர் அவர் பாதத்தில் வழிந்தது. ஓட்டை விழுந்தது கொக்கிக்கு நேர் கீழே, நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு படுகிற உயரம்.

"அட சாமி," என்றார். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. சந்தனக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டெஸ்ட் பண்ணிய சான்றோடு புது டேங்க் வாங்கினோம். பழையதை எடுக்கப் பழைய இரும்புக்காரர் வந்தார். ஓட்டையைக் காட்டி, "யாரும் மறுபடி இதுல காத்தடைக்கக் கூடாதுங்க, இங்கயே ரெண்டா வெட்டித்தான் எடுத்துட்டுப் போகணுமுங்க" என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"பூராம் பஞ்சுங்க்கா இங்க. கேஸ் கட்டர் வெச்சா ஒரு பொறி போதும். குடோன்ல போய் வெட்டிக்கறனுங்க."

நியாயமான பேச்சுதான், மறுக்க முடியவில்லை. ஆனால் வண்டியில் ஏற்றும் முன் அவர் தேங்காய் வாங்குகிறவர் போல டேங்கைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். வெட்டப் போகிறவருக்குத் தட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? இதைச் சொன்னதற்கு, "உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. பக்கத்தில் புதிதாக இரண்டு மெஷின் போட்டிருக்கும் ஒரு பெண். "அக்கா, துணியில மஞ்சளா கறை விழுதுங்க. நீங்க டிரையர் வாங்கி நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க. எது வாங்கறதுன்னு சித்த வந்து பாத்துச் சொல்றீங்களா?" நாமும் நாலு பேருக்கு யோசனை சொல்கிற ஆளாகிவிட்டோம் என்ற மிதப்போடுதான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

மெஷினைக் காட்டினாள், கறையைக் காட்டினாள். பிறகு பின்பக்கம் அழைத்துப் போனாள். தகரக் கொட்டகையின் நிழலில் பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்த டேங்க் ஒன்று, சந்தனப் பொட்டு குங்குமத்தோடு நின்றது. கீழ்ப்பக்கத்தில் ஓரிடம் மட்டும் சதுரமாகப் புடைத்திருந்தது, ஒட்டுப் போட்டுப் பற்றவைத்தது போல. அதற்கு நேர் மேலே ஒரு கொக்கி. என் வீட்டுக்காரர் பற்றவைத்தபோது சாய்ந்து போன, நான் கேலி பேசிச் சிரித்த அதே கோணல் கொக்கி. அதில் ஒரு தூக்குப்போசி தொங்கிக்கொண்டிருந்தது.

டேங்கில் முதுகைச் சாய்த்து அவள் புருஷன் சோறு தின்றுகொண்டிருந்தான். "வாங்க்கா. செகண்ட் ஹேண்டுதானுங்க, ஆனா பெயிண்டைப் பாருங்க, புதுசாட்டமே இருக்குது," என்றான்.

"அக்கா, டிரையரு?" என்றாள் அந்தப் பெண்.

"டிரையரு கெடக்குது கண்ணு. ஓடிப் போய் மெயினை ஆஃப் பண்ணு! தம்பி, எந்திரிச்சு இக்கட்ட வாங்க!"

என் சத்தத்துக்குப் பயந்துதான் அவன் எழுந்தான். எழுந்தவன் என் பக்கம் வரவில்லை. போசியை எடுக்க டேங்க் பக்கம் திரும்பி, கொக்கிக்குக் கையை நீட்டினான். கம்ப்ரஸர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.