ஆர்லிஸ் வாசலில் போட்ட மேசை

ஆர்லிஸ் டெனார்ட் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். அளவாகச் சமைக்க அவருக்கு வரவே வராது. மனைவி எர்லின் இறந்த அடுத்த ஞாயிறும் ஒரு பெரிய பானை நிறையத் தட்டைப்பயறும் சோறும் ஆக்கிவிட்டார். தனியாக உட்கார்ந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை. மேசையைத் தூக்கி வந்து வீட்டு வாசல் புல்வெளியில் போட்டு, "சாப்பாடு இருக்கு, வாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

டெட்ராய்டில் எங்கள் தெருவில் அதுவரை காருக்குள்ளிருந்து கையசைப்பதோடு சரி. அன்று நான் சோள ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கடி கடித்த ஆர்லிஸ் முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா ரொசெட்டா, சர்க்கரை போட்டியா? இது ரொட்டியா, கேக்கா?"

"பிடிக்கலைன்னா கீழ வைங்க."

வைக்கவில்லை. முழுதும் தின்றார்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த நைஜீரியப் பெண் இஃபியோமா, மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள் பானையை எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தப் பயற நாங்க அரைச்சு எண்ணெயில பொரிப்போம்."

அடுத்த ஞாயிறு சுடச்சுடப் பொரித்துக் கொண்டுவந்தாள். ஆர்லிஸ் ஒன்றை மென்றுவிட்டு இன்னொன்றைக் கையில் எடுத்தார்.

"ஆப்பிரிக்காவுலேர்ந்து நம்ம ஆளுங்கள அடிமையாப் பிடிச்சுக் கொண்டுவந்த கப்பல்லதான் இந்தப் பயறும் வந்ததுன்னு எங்க தாத்தா சொல்வாரு. அங்க இத எப்படித் தின்னாங்கன்னு கேக்க எனக்கு ஆளில்ல. இப்ப நீ வந்திருக்கே."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஆள் கூடியது. யார் வீட்டுச் சோறு உசத்தி என்று சண்டை, பாட்டு, சிரிப்பு. சாப்பிடும்முன் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவர் பெயரை உரக்கச் சொல்வோம்.

குளிர்காலத்தில் ஆர்லிஸ் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் படுத்தபடி, "மேசைய மடக்கி வச்சிடுங்க" என்றார். நாங்கள் கேட்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் போட்டோம். இஃபியோமா வாராவாரம் அவருக்குத் தட்டு கொண்டுபோனாள்.

வசந்தத்தில் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தபோது தெருவே அவர் வாசலில் நின்றது. ஜெபம் சொல்லச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, எர்லின எடுத்துக்கிட்டீங்க. இத்தன பேரக் குடுத்தீங்க. நன்றி. சரி, ஆறிடப் போகுது, சாப்பிடுங்க."

முதல் தட்டை இஃபியோமா அவர் மடியில் வைத்தாள்.