ஐந்து மணிக் குங்குமம்

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் படப்பை சைக்கிள் கடை முன்னால் வழக்கம்போல் நின்றது. ஏற யாரும் இல்லை. தேவகி அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் ஓட்டுநர் அங்கே நிறுத்துவதை விடவில்லை. அன்று கடை சாத்தியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் படியருகே வந்து, "அக்கா நம்மள வுட்டுப் பூட்டாங்கம்மா, விடிகால" என்றார். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். கண்ணாடியில் தூறல் இறங்கிக்கொண்டிருந்தது.

கம்பிச் சுருள் சுற்றும் நம் காயில் பிரிவில் அவரோடு உட்கார்ந்திருந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். பிறகு சேர்ந்தவர்களுக்கு அவர் ஐந்து மணி அடித்ததும் எழுந்து போகிறவர். எழுந்து போகத் தெரியாத தேவகி அக்காவை நம்மில் சிலர்தான் பார்த்திருக்கிறோம்.

பட்டப்படிப்பு முடித்து நான் சோதனை அறையில் சேர்ந்தபோது அவர்தான் லைன் சூப்பர்வைசர். நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் வழியே பார்த்தால் முடிபோன்ற செம்புக் கம்பி அவர் விரல்களில் தேன் ஒழுகுவதுபோல் இறங்கும். பார்க்கிற கண் சொக்கிப்போகும். ஷிப்ட் முடிந்தால் ஓ.டி., ஞாயிற்றுக்கிழமையும் வேலை. "நா இல்லன்னா லைன் படுத்துக்கும்" என்பார். குறையாக அல்ல, பெருமையாக.

ஒரு நாள் பஸ் சைக்கிள் கடை முன்னால் நிற்கையில், ஜன்னலோரம் இருந்த என்னிடம் அவர் கணவர், கடைக்காரர் ஏகாம்பரம் அண்ணன், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னார்: "தூக்கத்துலகூட சுத்திக்கினே கீதும்மா. புள்ள வெரல புட்ச்சிக்கினு, இல்லாத கம்பிய சுத்துது. மலரும் அசையாம படுத்துக்கினு கீது. 'அம்மா வேல செய்யுதுப்பா, பேசாத'ன்றா."

சிரித்தார். நானும் சிரித்தேன். தண்ணீரில் குமிழிகள் எழுவதைப் பார்த்தபடியே, "ஆயுத பூஜ அன்னிக்கு மலர குன்றத்தூர்ல எங்க அக்கா வூட்ல வுட்டுடப் போறேன். சாயந்தரத்துல பாத்துக்க ஆளில்ல. அங்கயே இஸ்கூலுக்குப் போவட்டும்" என்றார். மலருக்கு அப்போது ஐந்து வயது. தேவகி அக்காவும் சம்மதித்திருந்தார். "அங்க நல்லா பாத்துக்குவாங்க வசந்தா" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் காயிலின் மேல்தான் இருந்தன.

ஆயுத பூஜையன்று நம் கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெஷின்களெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக உறங்கும். ஓயாத இரைச்சல் நின்ற இடத்தில், ஏதோ தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நாமெல்லாம் தாழ்ந்த குரலில் பேசுவோம். பூஜை போட்ட சாமானை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அதனால் அந்த வருஷம் தேவகி அக்கா ஒரு தந்திரம் செய்தார். மூலையிலிருந்த ஒரு மெஷினைத் துணி போட்டு மூடி, பூஜைக்குத் தப்ப வைத்துவிட்டார். எல்லோரும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டிருக்க, துணியை விலக்கிக்கொண்டு சுற்ற உட்கார்ந்தார்.

குடும்பங்களும் வருகிற நாள் அது. மலர் கையில் ஒரு துணிப்பை. அப்படியே குன்றத்தூர் போவதாக ஏற்பாடு. ஏகாம்பரம் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு மூலைக்குப் போனார்.

"யோவ், அதுல வெக்காத! காலைல லோடு ஏத்த லாரி வர்து" என்று அக்கா கையால் மெஷினை மறைத்தார்.

"மிசினுக்கு யார்மே வெச்சா?" என்றவர் அந்தக் கையையே பிடித்துப் புறங்கையில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். பிறகு மற்றக் கையிலும். "எங்க வூட்டு சாமான் இது. பூஜ போட்டாச்சு. ரெஸ்ட்டு எடுக்கட்டும்."

"அண்ணே, அக்கா வாய்க்கும் ஒரு பொட்டு வைங்க. எங்களுக்கும் ரெஸ்ட்டு!" என்று லைனிலிருந்து ஒருத்தி கத்த, கூடமே சிரித்தது.

"இன்னாய்யா இது, நாலு பேரு எதுர்ல" என்று முகம் சிவக்க அக்கா முந்தானையை எடுத்தார்.

"அழிக்காதம்மா, சாமி கோச்சிக்கும்" என்றாள் மலர்.

முந்தானை நின்றுவிட்டது. ஈரக் கைகளைப்போல் இரண்டையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அப்படியேதான் பஸ்ஸிலும் ஏறினார். மலர் ஒவ்வொரு பிடியாகப் பொரியை அவர் வாயில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரகடம் தாண்டி இரு பக்கமும் வயல்தண்ணீரில் வானம் கிடந்தது. பஸ் மேகங்களுக்கு நடுவே போவதுபோல் இருந்தது. படப்பையில் மூவரும் இறங்கினார்கள். குன்றத்தூர் பஸ் எதிரே வந்து நின்றது. கிளம்பியும் போனது. மூவரும் ஏறவில்லை.

லாரி ஒரு நாள் தாமதமாகப் போனது. அவ்வளவுதான். அக்காவுக்கு அதில் வருத்தம்கூட. "ஒருத்தர்கூட கேக்கல வசந்தா. நா இல்லாமலே எல்லாம் நடக்குது பாரு."

அதன் பிறகு நுண்ணிய காயில்களைச் சுற்ற மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். மேஜை இழுப்பறையில் ஒரு குங்குமச் சிமிழ் வந்தது. ஐந்து மணி அடித்ததும் தன் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"என்னம்மா தேவகி, தினமும் ஆயுத பூஜையா?" என்று மேனேஜர் கிண்டல் செய்தார்.

"ஆமா சார். உங்க சாமானுக்கு வருஷத்துக்கு ஒருக்கா. எங்க வூட்டு சாமானுக்கு தெனம்."

எளிதாக நடந்துவிடவில்லை. பொட்டு வைத்த பிறகும் கை மெஷின் பக்கம் போகும். சில நாள் உட்கார்ந்தும் விடுவார். மறுநாள் பஸ்ஸில் என் முகம் பார்க்கமாட்டார். "குடிய வுட்ற மாதிரி கீது. நல்லாத்தான் கீறோம்னு நெனைக்கச்சொல்லோ கூப்டுது" என்றார் ஒருமுறை.

படப்பையில் ஒரு விடுமுறை மாலை அவரைப் பார்த்தேன். ஏரிக்கரையில் மங்கிய வெளிச்சம். கடையில் பழுதுக்கு வந்த யாருடைய சைக்கிளிலோ அக்கா, பின்னால் கேரியரில் மலர். என்னைக் கண்டதும், "பாத்தியா, கை சும்மாத்தான் கீது, வண்டி தானாப் போவுது!" என்று கத்தியபடி தண்ணீரின் மினுமினுப்புக்குள் கரைந்து போனார்கள்.

இப்போது மலர் கல்லூரியில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை அவள்தான் அம்மாவுக்குத் தலை வாரினாள். ஏகாம்பரம் அண்ணன் கடையிலிருந்து சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். ஒரு புறங்கை, பிறகு மற்றது. "ரெஸ்ட்டு எடு" என்றார். அதுவரை அடக்கி நின்ற நம் லைன் பெண்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள்.

என்னிடம் குங்குமச் சிமிழ் இல்லை. சோதனை மீட்டரை அணைத்தால் முள் மெல்ல ஆடிப் பூஜ்யத்தில் வந்து அமரும். அது அமர்ந்ததும் எழுந்துவிடுகிற பழக்கம் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. அதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். நேற்றும் முள் அமர்ந்தது, எழுந்தேன், ஐந்து மணி பஸ்ஸில் ஏறினேன். சைக்கிள் கடை முன்னால் பஸ் நின்றது. இறங்க யாரும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் சற்று நேரம் சும்மா இருந்தோம்.