உடையாத தட்டு

நான் ஒரு திருடன். திருடியது ஒரு பீங்கான் தட்டு. பறிகொடுத்தவள், மகளையும் பறிகொடுத்திருந்த ஒரு தாய்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட! உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்ற தைரியம்தான்... வேறென்ன?

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது கல்யாணமாகவில்லை. ஊரின் பீங்கான் பட்டறைச் சரக்கெல்லாம் வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளில் என் கண்முன்னேதான் ரயிலேறும். கோப்பை, ஜாடி, பொம்மைகளோடு நினைவுத் தட்டுகளும் வரும். கோயில் குடமுழுக்குக்கு ஒன்று, மாதா கோயில் திருவிழாவுக்கு ஒன்று, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒன்று. யாரும் அவற்றில் சோறு உண்பதில்லை. சுவரில் மாட்டி அழகு பார்ப்பார்கள்.

எனக்கு அவற்றின்மேல் பித்துப் பிடித்தது. விடுமுறை நாளெல்லாம் பட்டறை பட்டறையாக அலைந்தேன். தட்டைத் திருப்பி அடிவிளிம்பைத் தடவினாலே எந்தச் சூளையில் வெந்தது என்று சொல்லிவிடுவேன். நான் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ பெருமை!

அஞ்சலை பிளாட்பாரத்தில் அவித்த மல்லாட்டை விற்றவள். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய ஒரே மகள் செல்வி, ஒரு பட்டறையில் தட்டுகளுக்குப் பூவும் கோடும் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த பெண். மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது.

சில மாதங்கள் கழித்து, பழஞ்சேலையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு அஞ்சலை பார்சல் ஆபீசுக்கு வந்தாள்.

"சார், நீங்க தட்டுக்கெல்லாம் கம்பி கட்டி செவுத்துல மாட்டுவீங்களாமே. இதுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க சார். செல்வி போட்டது. வூட்டுல கீழ வெச்சா கோழி வந்து மெதிக்குது."

பிரித்தேன். பழமலைநாதர் கோயில் கோபுரம். வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போகும் வழக்கமான தட்டு. என்னிடமே ஒன்று உண்டு. ஆனால்... இதில் கோபுரத்தின் அடியில், நீல நிறத்தில், கூடையை இடுப்பில் இடுக்கியபடி ஒருத்தி நின்றாள். விரல்நுனி அளவுதான். ஒருபக்கமாகச் சாய்ந்த அந்தத் தோள் அஞ்சலையின் தோளேதான்! பட்டறை கொடுத்த படத்துக்குள், முதலாளிக்குத் தெரியாமல், அந்தப் பெண் தன் தாயை வரைந்து சூளைக்கு அனுப்பியிருக்கிறாள்.

இதைப்போல் இன்னொன்று எங்கும் இல்லை. அந்த எண்ணம் வந்த நொடியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

கம்பி கட்டினேன். என் சுவரில் மாட்டினேன். ஒருநாள் மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான்... அவள் கேட்டபோதெல்லாம் கம்பி கிடைக்கவில்லை என்றேன். கடைசியில் ஒரு பிற்பகலில் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்து நின்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். "கைதவறி விழுந்து உடைஞ்சி போச்சும்மா" என்றேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"துண்டு இருக்குதா சார்? துண்டா இருந்தாலும் குடுங்க. எடுத்துக்கினு போறேன்."

இதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "பின்னால குப்பையில கொட்டிட்டேன்."

பார்சலில் உடைந்துபோகும் பீங்கானையெல்லாம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் கொட்டுவோம். வெயிலில் கண் கூசும் வெள்ளைச் சில்லுகளின் மேடு. அஞ்சலை கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்த மேட்டின்மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சில்லாக எடுத்தாள், திருப்பினாள், முந்தானையால் துடைத்தாள், ஒதுக்கினாள். விரலில் ரத்தம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்...

இல்லை, பொய். நானும் பக்கத்தில் குந்தித் தேடினேன்! தேடுவதுபோல் நடித்தேன். ஒரு மனிதன் இதையும் செய்வானா? செய்தேன்.

பொழுது சாயும் நேரத்தில், நீலக்கோடு ஓடிய ஒரு சில்லை என்னிடம் நீட்டினாள். ஏதோ கோப்பையின் விளிம்பு.

"இது செல்வி போட்ட கோடுதானே சார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது!

"ஆமாம்மா" என்றேன்.

முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அதன்பின் அவள் நிற்கும் பிளாட்பாரத்துக்கு நான் போகவில்லை. கொஞ்ச நாளில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போனேன். தட்டும் என்னோடு வந்தது.

எழுபதுகள் முடியும் தறுவாயில், அதைப் பையில் வைத்துக்கொண்டு விருத்தாசலத்தில் இறங்கினேன். கொடுத்துவிடுவது என்றுதான் போனேன். நம்புங்கள்... தண்டவாளத்தை ஒட்டிய அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டாள்.

"வாங்க சார்! எங்க இவ்ளோ நாளா? அந்தத் தட்டு ஒடைஞ்சதுல இருந்து நீங்க என் மொகத்தையே பாக்கல. கை தவறுறதுதான் சார். அதைப் போயி மனசுல வெச்சிக்கலாமா?"

பையின் வாயில் கை வைத்திருந்தேன்.

"நீங்க அன்னிக்கு எங்கூடவே குந்திக்கினு தேடுனீங்களே... ஆபீஸ்காரரு ஒருத்தரு குப்பையில கை வுட்டு! யாரு சார் செய்வாங்க?"

பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்த அந்த நல்ல மனிதனைக் கொன்றுவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பையைப் பிரிக்காமலே பஸ் ஏறினேன். அவளுடைய தட்டைத் திருடியவன், அன்று அவள் என்மேல் வைத்திருந்த மரியாதையையும் திருடிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது அவள் உயிரோடு இல்லை.

மற்ற தட்டுகளையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இது மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. மாட்டவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. போட்டு உடைத்து, சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாமா என்றுகூட ஒருநாள் தூக்கிவிட்டேன்... இறக்கி வைத்தேன்.

நீங்கள் நல்லவர். 'போகட்டும், மறந்துவிடுங்கள்' என்று சொல்ல வாயெடுப்பீர்கள். வேண்டாம். மன்னிப்பதற்கு அந்தத் தட்டு உங்களுடையது அல்லவே!