பாதி படித்த கட்டுரை

முன்பின் தெரியாத ஒருவர் நீங்கள் உளறியதை அப்படியே நம்பிவிட்டால் உங்களுக்குப் பயமாக இருக்காதா?

தொண்ணூற்றெட்டு தை மாதம். சாமளாபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கையில் ஒரு மாங்கொப்பு வைத்திருந்தார். மழிக்காத முகம். கொப்பின் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பூக்கற நேரத்துல தளிர் உட்டிருக்குது பாருங்க. தோட்டம் பூரா இதேதான். நீங்க காலேஜுங்களா? ஏனுங்க இப்படி?"

பேப்பரில் பாதி படித்த கட்டுரையை அள்ளி விட்டேன். "எல் நினோங்க. பசிபிக் கடல் சூடாயிருச்சு. அதான் இங்க மழை ஜாஸ்தி, குளிரே இல்ல."

"அடுத்த வருசம் சரியாயிருங்களா?"

"எங்கீங்க. இனிமே இப்படித்தான்."

தடவிய விரல் நின்றது. "மரத்தை வெட்டிட்டு சாயப்பட்டறை போட இடம் கேக்கறாங்க. இன்னிக்குப் பதில் சொல்லோணும். சரின்னு சொல்லீர்றனுங்க கண்ணு" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மீதிக் கட்டுரையை வீட்டுக்குப் போய்த்தான் படித்தேன். அந்தச் சூடு சில வருடங்களுக்கு ஒருமுறை வருமாம், பிறகு தானாக அடங்கிவிடுமாம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவர் இறங்கிய நிறுத்தம் வந்தால் இன்றும் தலையைக் குனிந்துகொள்கிறேன். மறுபடி தை வந்துவிட்டது. வழியெங்கும் மாமரங்கள் பூத்திருக்கின்றன.