சறுக்காதவரின் உலகப் பார்வை

எல்லிங்ஸ்ருட் பகுதியில் வசிக்கும் ஜெகதீஸ்வரனுக்குப் பனிச்சறுக்கு என்றாலே ஆகாது. நோர்வேக்கு வந்த புதிதில் ஒருமுறை பலகையைக் காலில் கட்டி, மொழி படிப்பித்த ஆசிரியையையும் சேர்த்து விழுத்தியவர். அவர் வேலைசெய்யும் மருந்துக் களஞ்சியத்தில் குளிர்காலந்தோறும் எல்லாரும் சறுக்கப் போவார்கள். அன்றைக்குப் பார்த்து அவருக்கு இடுப்பை அசைக்க விடாத நாரிப்பிடிப்பு வரும். இல்லாவிட்டால் எங்காவது ஒரு மாமா செத்துப்போவார்.

இந்த வருடம் மாமாமார் தீர்ந்துபோனார்கள். புது மேலாளர் சில்யே காரணம் கேட்டபோது, வானொலியில் அடிக்கடி காதில் விழும் சொல்லொன்றை எடுத்துவிட்டார்: "என்னுடைய லிவ்சீன் இடம் தராது."

லிவ்சீன் என்றால் உலகப் பார்வை. அந்தச் சொல்லைக் கேட்டால் நோர்வேக்காரர் எழுந்து நிற்காத குறை. சில்யேக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருடம் உங்களை நோகடித்துவிட்டோமே! வெள்ளிக்கிழமை மதியம் எல்லாருக்கும் அதை விளக்கிச் சொல்லுங்கள்."

சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் களஞ்சியமே சிரிக்கும்; பிறகு சறுக்கியே ஆக வேண்டும்.

"லிவ்சீன் எண்டால் சும்மாவே, அப்பா?" மகள் கம்சாயினி பள்ளியில் அதைப் பாடமாகவே படித்தவள். "உலகம் என்னெண்டு வந்தது, மனுசன் ஆர், எது சரி, செத்தால் என்ன... எல்லாத்துக்கும் மறுமொழி வேணும்."

"பனிக்கு?"

"பனிக்கு ஒண்டும் இல்லை."

"உங்கட அப்பாவுக்குக் கறியில உப்புக் குறைஞ்சாலே உலகப் பார்வைதான்," என்றார் மனைவி சிவநாயகி. "இஞ்சாருங்கோ, பேசாமல் போய்ச் சறுக்குங்கோவன்."

வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நின்றார். "மனிதன் நிற்கப் பிறந்தவன். சும்மா கிடக்கிற நிலத்தை வேண்டுமென்றே வழுக்கவைப்பது நன்றிகெட்ட வேலை."

ஆட்கள் தலையாட்டினார்கள். கேள்விகள் வந்தன.

"எது ஒழுக்கம்?"

"விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது."

"இறப்புக்குப் பிறகு?"

"அதைச் சறுக்குகிறவர்கள்தான் முதலில் அறிவார்கள்."

சென்னையிலிருந்து வந்து கணினிப் பிரிவில் இருக்கும் நரேஷ் அவர் காதைக் கடித்தான். "சார், இதுல எப்படிச் சேர்றது? எனக்கும் ஸ்கீன்னா உதறுது."

"வாயைப் பொத்தும், தம்பி. பிறகு கதைப்பம்."

சில்யே நெகிழ்ந்துபோய்க் கேட்டார்: "தண்ணீரைப் பற்றி உங்கள் பார்வை என்ன?"

தப்பிவிட்ட சந்தோசத்தில் ஜெகதீஸ்வரன் தாராளமாகவே சொன்னார்: "தண்ணீர் எங்களுக்குத் தெய்வம்."

"அருமை! அப்படியென்றால் இந்த வருடம் சறுக்கல் இல்லை," என்று சில்யே எல்லாரையும் பார்த்து அறிவித்தார். "பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கடலில் இறங்குகிறோம். முதலில் ஜெகதீஸ்வரன்!"

கைதட்டல் எழுந்தது. நரேஷ் தான் உட்கார்ந்திருந்த கதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்தான்.

"சார், நான் இன்னும் சேரலை."